இல்லாத கால் அரிக்கும்போது

விபத்துக்குப் பிறகு ஓராண்டுவரை என் கனவுகளில் எனக்கு இரண்டு கால்களும் இருந்தன. நீர் பாய்ச்சிய மக்காச்சோளக் கொல்லையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பேன். சேறு கணுக்கால்வரை ஏறும். அந்தக் குளிர்ச்சி விழித்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அப்படி ஒரு விடியற்காலையில், கனவு முழுதாகக் கலையாமலே கட்டிலிலிருந்து இடது காலை ஊன்றி இறங்கினேன். ஊன்றக் கால் இல்லை. செந்துறைச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்கள் வண்டியில் மோதியபோதே முழங்காலுக்குக் கீழே அது போய்விட்டிருந்தது. விழுந்ததில் நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது.

அன்று மாலை என் கணவர் கட்டிலை இழுத்து, என் இடப்பக்கம் சுவரோடு ஒட்டும்படி போட்டார்.

"இனிமே தூக்கக் கலக்கத்துல எறங்குனாலும் வலது பக்கமாத்தான் எறங்கியாகணும்," என்றார்.

பிறகு செயற்கைக்கால் வந்தது. பெரம்பலூரில் எனக்கு நடைப்பயிற்சி கொடுத்த பெண் ஒருநாள் போன் செய்தாள்.

"அக்கா, இங்க ஆஸ்பத்திரியில ஒரு அம்மா இருக்காங்க. சர்க்கரையால கால எடுத்தாச்சு. எந்திரிக்கவே மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு தடவ வந்து பேசுனா நல்லாருக்கும்."

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மனதுக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். சாலையோர மரங்கள் வெள்ளைப் புழுதி படிந்து, பனி மூடியவைபோல நின்றன. நான் பட்டதெல்லாம் இன்னொருவருக்கு உதவத்தான் என்று பஸ் தாலாட்டிய அரைத்தூக்கத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் லப்பைக்குடிக்காட்டுக்காரி. என்னைவிடச் சின்னவள். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தைரியமாக இருக்க வேண்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று கால்மணி நேரம் பேசினேன். எழுந்து நடந்தும் காட்டினேன்.

"நல்லா நடக்குறீங்க. சந்தோசம். நான் கொஞ்சம் தூங்கணும்," என்றாள்.

திரும்பி வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. படுத்திருந்த நாட்களில் என்னிடமும் இப்படித்தான் பலர் பேசினார்கள். அவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

இருந்தும் அடுத்த வாரம் மறுபடி போனேன். அன்று சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. வெயிலில் செயற்கைக்கால் உரசித் தோல் எரிந்தது. அதைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிச் சத்தத்தில் கண் சொருகியது. அப்போது, எப்போதும்போல, இல்லாத கால் அரித்தது. யோசிக்காமல் குனிந்து அந்த வெற்றிடத்தில் கையைக் கொண்டுபோனேன்.

கட்டில் கிறீச்சிட்டது. அவள் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"சுண்டுவெரல் அரிக்குது."

"எந்தக் காலு?"

"இல்லாத காலு."

"எனக்கும் அரிக்குதுக்கா. பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல."

"பைத்தியமெல்லாம் இல்லங்க. கால் எடுத்த நெறைய பேருக்கு இருக்குமாம், டாக்டரே சொன்னாரு. இருக்குற கால்ல அதே எடத்துல சொறிஞ்சு பாருங்க. எனக்குக் கொஞ்சம் அடங்கும்."

அவள் எழுந்து உட்கார்ந்து சொறிந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். எப்படிக் குளிப்பது, படி எப்படி ஏறுவது என்று. வீட்டுக்குப் போனதும் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னேன்.

"எப்படிக்கா தொழுவுறது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. வீட்டுல யாரையாச்சும் உங்க பள்ளிவாசல்ல கேட்டுச் சொல்லச் சொல்லுங்க," என்றேன்.

அவள் தலையசைத்தாள். கடைசியாகத்தான், கீழே பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். "அவரு வீடியோவுல கூப்புடுறப்ப மூஞ்ச மட்டுந்தான் காட்டுறேன்."

"நானும் மூணு மாசம் போர்வைய வெலக்கவேயில்ல. பயந்து பயந்து கெடந்தேன். ஒருநாள் எங்க வூட்டுக்காரரு பாத்துட்டாரு. 'அட, புண்ணு ஆறிருச்சே'ன்னாரு. அவ்வளவுதான்."

மறுவாரம் நான் போகும்முன்னே அவளே போன் செய்தாள். முந்தின நாள் கணவர் கூப்பிட்டபோது கைபேசியை மெல்லக் கீழே இறக்கிக் காட்டிவிட்டாளாம்.

"வலிக்குதான்னு கேட்டுட்டு அழுதாருக்கா. நான்தான் அவருக்கு சமாதானம் சொன்னேன்," என்றாள். சொல்லும்போது சிரித்தாள். நாற்காலியில் உட்கார்ந்தே தொழுவதாகவும் சொன்னாள்.

அதற்குப் பிறகு கால் இழந்த யாரைப் பார்க்க நான் போனாலும் முதலில் பேசுவதில்லை. உட்கார்ந்திருப்பேன். என்னிடம் இருப்பவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். எது யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்குத்தான் தெரியும்.

சென்ற தை மாதம் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு நானும் அவளும் சேர்ந்தே போனோம். அதற்குள் அவளுக்கும் செயற்கைக்கால் வந்திருந்தது. கிணறு வெட்டும்போது காலை இழந்த ஒருவர் அங்கே யாரோடும் பேசுவதில்லையாம். பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். வெடித்த பருத்திக் காடுகள் இரண்டு பக்கமும் மேகம்போல நகர்ந்தன.

"என்னக்கா சொல்லப் போறோம் அவருகிட்ட?"

"தெரியல. பாப்போம்."

நிறுத்தத்தில் அவருடைய மனைவி குடையோடு காத்திருந்தார். பஸ்ஸின் படி உயரம். அந்த அம்மாள் கையை நீட்டினார். அவளை முதலில் இறங்கச் சொன்னேன்.