பூவுக்கு முன்னால் என் முகம்

உலகில் யாரும் விவரித்திராத ஒரு பூவைக் கண்டுபிடித்துவிட்டு, அதையே மறைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்த ஒரே தாவரவியல் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன்.

பெருமுக்கல் மலைமேல், மழைநீர் தேங்கிய பாறைக்குழியில் பூத்திருந்தது அது. விரல் உயரச் செடி, அரிசி மணி அளவுப் பூ. எங்கள் புத்தகங்கள் எதிலும் இல்லாத செடி. என்னோடு படித்து, திண்டிவனத்தில் என்னோடு பாடமும் நடத்திய நண்பன், ஈரப் பாறையில் குப்புறப் படுத்து லென்ஸ் வழியே மகரந்தத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

“கலரை நீ எழுதிக்கோடா. காஞ்சா போயிடும்” என்றான்.

“போட்டோல இருக்குடா, அப்புறம் எழுதிக்கலாம்” என்றேன்.

புதிய சிற்றினம் என்று அறிவிக்க இலை, விதை, பூவின் நிறம் என்று எல்லாவற்றையும் விவரித்தாக வேண்டும். செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்திய எங்கள் பூவோ சில நாட்களில் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. என் போனைத் திறந்தோம்.

“இன்னாடா இது, எல்லாத்துலயும் உன் மூஞ்சியே இருக்கு! பூ எங்க?”

“பின்னால மங்கலா தெரியுது பாரு.”

“அது பூவா, உன் காதா?”

வெளிர் ஊதா என்று நான் அடித்துச் சொன்னேன். ரோஜா நிறம் என்றான் அவன். மறுபடி மலையேறிப் பார்த்தால் குழி வற்றிக் கிடந்தது. எழுதிய விவரிப்பில் நிறத்துக்கு மட்டும் இடம் விட்டு, அடுத்த மழைக்குக் காத்திருந்தோம். செடி திரும்ப முளைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதற்குள் அவனுக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்துவிட்டது. கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வாங்கி, வழக்கம்போல் பாதிக்கு மேல் நானே தின்றேன். அவன் திட்டவில்லை. “பூத்தா சொல்லுடா” என்று பஸ் ஏறினான்.

மழை வந்தது. தனியாக ஏறினேன். பாதி வழியில் எப்போதும் மூச்சு வாங்க உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். “ஏந்திரிடா சோம்பேறி, வெயில் ஏறிக்கினு போவுது” என்று விரட்ட ஆள் இல்லாததால் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

மேலே, அதே குழியில், பூ. சந்தேகமே இல்லை, ரோஜா நிறம். அவன் படுத்த மாதிரியே குப்புறப் படுத்து அவனை அழைத்தேன்.

“டேய், பூத்திருக்குடா! நீ சொன்ன கலருதான். போட்டோ அனுப்பட்டுமா?”

“உன் மூஞ்சி இல்லாம அனுப்பு.”