பிரபு இல்லாத சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த மொபைல் ஆப்பைப் படுக்க வைத்தது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

கோவிலம்பாக்கத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடாக இருந்தேன். கோவளத்தில் மீன் விற்கும் செல்வி அக்காவுக்காக நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளில் ஓர் ஆப் செய்திருந்தோம். படகு வந்ததும் அவர் பட்டியல் போடுவார். தாம்பரம், மாடம்பாக்கம் வீடுகளிலிருந்து ஆர்டர் வரும்.

புது வெர்ஷனை சர்வரில் ஏற்ற இருபத்திரண்டு ஸ்டெப். அவை, வழக்கமாக அதைச் செய்யும் பிரபுவின் மேஜையில் ஒட்டிய தாளில் இருந்தன. அன்று அவன் தங்கைக்குக் கல்யாணம். தாளைப் பார்த்து நானே ஏற்றினேன். ஆப் எழவில்லை.

செல்வி அக்கா ஃபோனில் வந்தார். "இன்னாம்மா இது, ஆப் தொறக்கவே மாட்டேங்குது. படகு வந்துகினு கீது, ஒரு ஆர்டரையும் காணோம்!"

பிரபுவை அழைத்தேன். நாதஸ்வரத்துக்கு நடுவே கத்தினான். "டேட்டாபேஸ் பாஸ்வேர்டு செட் பண்ணீங்களா அக்கா?"

"தாள்ல அது இல்லையே!"

"ஐயோ, அது நான் மனப்பாடமா செய்றது."

சரிசெய்தபோது எட்டரை. செல்வி அக்கா மீனை மொத்த வியாபாரியிடம் தள்ளிவிட்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

"இனிமே சனிக்கிழமைல கை வெக்காதீங்க" என்றார் மேனேஜர்.

"பயந்து பயந்து ஏத்துனா இன்னும் மோசமாகும் சார். இதை ஈஸியாக்கணும்" என்றேன்.

பிரபுவும் நானும் இரண்டு வாரம் உட்கார்ந்து ஆப்பை ஒரு கிளவுட் தளத்துக்கு மாற்றினோம். பாஸ்வேர்டுகளை அங்கே ஒரே ஒரு முறை பதிந்தோம். இனி கிட் புஷ் என்ற ஒரே கட்டளையைக் கொடுத்தால் போதும். புது வெர்ஷன் தனியாக எழும். தளம் சோதித்துக் கேட்பதற்கு அது ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் வாடிக்கையாளர்கள் அதற்குப் போவார்கள். அதுவரை பழையது ஓடும்.

பிரபுவின் முகம் வாடியது. "அப்ப எனக்கு என்ன வேலைக்கா?"

"கல்யாணத்துல நிம்மதியா சாப்பிடுற வேலை" என்றேன். சிரித்துவிட்டான்.

வேண்டுமென்றே ஒரு சனிக்கிழமை ஏழு மணியைத் தேர்ந்தெடுத்தேன். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். புஷ் கொடுத்தேன். திரையில் சிவப்பு; புது வெர்ஷன் எழவில்லை. ஆப்புக்கு வேண்டிய ஒரு கோட் லைப்ரரியின் பெயரைத் தப்பாக அடித்திருந்தேன். செல்வி அக்காவை அழைத்தேன்.

"ஆப் ஓடுதாக்கா?"

"நல்லாத்தான் ஓடுது. இன்னா மேட்டர்? சீக்கிரம் சொல்லும்மா, ஆர்டர் வந்துகினே கீது."

எழுத்தைத் திருத்தி மறுபடி புஷ் கொடுத்தேன். பச்சை; எழுந்துவிட்டது. மேனேஜர் காபி குடிக்கப் போனார்.

இந்தத் தொழிலில் தப்பே செய்யாத ஆளை நான் பார்த்ததில்லை. நானும் இன்னும் செய்கிறேன். அது செல்வி அக்கா வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்வதைத்தான் கற்றுக்கொண்டேன்.