சிபாரிசுக்காரர் மீது ஒரு புகார்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், என்னை ஒரு கட்டிலில் கட்டிப்போட்ட மாதிரிதான். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். கையை அசைக்கக் கூடாது. எழுந்து போகவும் முடியாது. இந்த நிலையில் கிடக்கும் ஒரு மனுஷியிடம் வந்து, "அக்கா, நான் சொன்ன படத்தப் பாத்தீங்களா?" என்று கேட்கிறவரை என்ன செய்வது?

டயாலிசிஸ் வார்டில் அவருக்குச் சிபாரிசு என்று பெயர். நான்காம் கட்டில் லாரிக்காரர் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சட்டையில் குத்தியிருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. வயது நாற்பத்து நான்கு. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனாகப் பன்னிரண்டு வருடமாக அதே வார்டில் இருக்கிறார். வேலையில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்தித் தேடும் நரம்பை ஒரே குத்தில் பிடித்துவிடுவார். வாய்தான் அடங்காது.

முதலில் ஒரு படம் சொன்னார். "கலங்கரை விளக்கத்துல ரெண்டு அண்ணன் தம்பி இருப்பாங்கக்கா. சொத்துத் தகராறு. கடைசில அண்ணன் மன்னிச்சுடுவான். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுவாங்க பாருங்க, அழாம இருக்கவே முடியாது." நம்பிப் பார்த்தேன். அவர்கள் அண்ணன் தம்பி இல்லை, மாமனாரும் மருமகனும். சொத்து என்று ஒரு செங்கல்கூட இல்லை. கடைசியில் அழுதது படகு அவர்களை விட்டுவிட்டுப் போனதால்.

அடுத்து ஒரு தடிப் புத்தகம். "சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்." திறந்தால் தோட்டத்து மண்ணில் வாழும் பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சி. அறுபது பக்கம் வரைக்கும் சிரிப்பைத் தேடினேன், பூச்சிதான் வந்தது. கேட்டால், "ஏழாம் கட்டில்ல ஒரு பெரியவர் படிச்சாருக்கா. ஒன்பது தடவ சிரிச்சாரு. நான் எண்ணினேன்" என்றார். அந்தப் பெரியவர் புத்தகத்துக்குள் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. பிறகு ஆட்டம் போட வைக்கும் பாட்டு என்று ஒன்று. போட்டுக் கேட்டேன், ஒப்பாரி. "கேட்டவங்க கால் ஆடுச்சேக்கா" என்றார். மரத்துப்போன காலை உதறியிருப்பார்கள். அதற்கும் மேலே, போனில் ஜாடிகளை அடுக்கும் ஒரு விளையாட்டு. விளையாடிய பையனுக்கு ஊசி எடுத்ததே தெரியவில்லையாம். அதை விளையாட இரண்டு கை வேண்டும். எனக்கு இருந்தது ஒரு கை. இன்னொன்றை ஊசி குத்திக் கட்டி வைத்ததே இந்த மனுஷன்தான்.

நான் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். சாட்சி சொல்வதைச் சொன்னபடி அடிப்பது என் வேலை. உடம்பு இப்படி ஆன பிறகு முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஆனாலும் யாராவது நடக்காததை நடந்ததாகச் சொன்னால் எனக்கு உள்ளங்கால் எரியும். ஒரு நாள் அவரை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"தம்பி, இந்தப் படமெல்லாம் நீங்க எங்க பாத்தீங்க?"

"இங்கதான்கா. எல்லாரும் போன்ல பாக்கறத."

"சத்தம்?"

"அது எப்படிக் கேக்கும்? அவங்க ஹெட்போன் போட்டிருப்பாங்க. நான் கட்டிலுக்குக் கட்டில் போறப்ப கொஞ்சம் கொஞ்சமாப் பாப்பேன்."

"வீட்ல பாக்கறதே இல்லையா?"

"ரெண்டு ஷிப்டு முடிச்சுட்டுப் போய் உக்காந்தா, பேர் போடறதுக்குள்ள தூங்கிடுவேன். பொண்ணுங்க என் மேலயே துணிய மடிச்சு அடுக்கி வச்சிருப்பாங்க."

பன்னிரண்டு வருடமாக ஒரு வசனம், ஒரு பாட்டு காதில் விழாமல் ஊருக்கெல்லாம் சிபாரிசு. காதால் கேட்ட சாட்சியையே நீதிமன்றம் சந்தேகப்படும். இவர் கேட்கவே கேட்காத சாட்சி. சரி, உண்மை தெரிந்துவிட்டது, இனி வாயை மூடுவார் என்று பார்த்தால், கால் மணிக்கு ஒரு தடவை வந்து நின்றார். கண்ணை மூடினால் எழுப்பினார். புத்தகத்தைத் திறந்தால் அதைவிட நல்ல புத்தகம் இருக்கிறது என்றார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை புகார் அடித்துக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்தேன். ஐந்து அம்சம், தேதி நேரத்தோடு. ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை.

பெரிய டாக்டர் படித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை ரெண்டு பேரையும் வச்சு விசாரிக்கிறேன். இது நிஜம்னா அவர வார்டுல வச்சிருக்க முடியாது, கீழ கிடங்குக்கு அனுப்பிடுவேன்" என்றார். கிடங்கில் ஜன்னல் கிடையாது. குழாய்ப் பெட்டிகளை எண்ணி அடுக்குவதுதான் வேலை. கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அங்கே போய்ப் பெட்டிகளுக்குச் சிபாரிசு செய்யட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விஷயம் வார்டுக்குள் பரவிவிட்டது. "நீங்க செஞ்சது சரிதாங்க" என்றார் லாரிக்காரர். "ஆனா அவன் போய்ட்டா நான் யாரத் திட்டறது?"

புதன்கிழமை அவர் என் கட்டிலுக்கு வந்தார். ஊசி போட்டார். "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார். அக்கா போய் மேடம் ஆகியிருந்தது. "நல்லா இருக்கேன்" என்றேன். போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது. கால் மணி கழித்து மறுபடியும், "நல்லா இருக்கீங்களா மேடம்?" "நல்லா இருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு. இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் படித்தேன்.

பிறகு எழுத்துகள் கலங்க ஆரம்பித்தன. தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். புத்தகத்தை மார்பில் கவிழ்த்தேன். எதிரே விளக்கு எங்கேயோ தூரத்தில் இருந்தது. அவர் வந்து கேட்டார். "நல்லா இருக்கேன்" என்றேன். அப்படித்தான் என் காதில் விழுந்தது. அவர் இரண்டடி போனார். நின்றார். திரும்பி வந்து குனிந்தார்.

"அக்கா, அந்தக் கலங்கரை விளக்கப் படத்துல அண்ணன் தம்பியக் கட்டிப் பிடிச்சான்ல?"

அண்ணன் தம்பி இல்லை என்று எனக்குத் தெரியும். நூறு தடவை சொல்லியாகிவிட்டது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது.

"ஆமா தம்பி" என்றேன்.

கட்டிலின் தலைப்பக்கம் சட்டென்று கீழே போனது, கால் மேலே போனது. அவர் கத்தியதும், நர்ஸ் ஓடி வந்ததும், சலைன் பாட்டில் தலைக்கு மேலே ஆடியதும் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருந்தது. இயந்திரம் அரை மணிக்கு ஒரு தடவைதான் அழுத்தம் பார்க்கும். அடுத்த தடவைக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் பாக்கி இருந்தது என்று நர்ஸ் சொன்னார். பதினெட்டு நிமிடத்தில் என் கதை முடிந்திருக்கும்.

கண் தெளிந்தபோது அவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"நீங்க ஆமான்னு சொன்னதும் எனக்கு உசுரே போயிடுச்சுக்கா" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்த வேகத்தில் ஆத்திரம் வந்தது.

"இதுக்குத்தான் எல்லார்கிட்டயும் படம் படம்னு வந்து நிக்கறீங்களா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசுங்கக்கா. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க, மயக்கம் வர்றப்பகூட. இல்லன்னு சொன்னா மெஷின நிறுத்துவோம், வீட்டுக்குப் போக லேட்டாகும்னு பயம். படத்தப் பத்திக் கேட்டா யாருக்கும் நடிக்கத் தோணாது. லாரிக்காரர் கெட்ட வார்த்தை சொல்லுவாரு. நீங்க தப்பக் கண்டுபிடிப்பீங்க. சொல்லலன்னா எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம்."

"அப்போ வேணும்னேதான் கதையத் தப்புத் தப்பாச் சொன்னீங்களா?"

"இல்லக்கா. நெசமாவே அண்ணன் தம்பின்னுதான் நெனச்சேன்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீங்க அதுக்கு நல்லாத் திட்டறதப் பாத்துட்டு அப்படியே வச்சுக்கிட்டேன். சிபாரிசெல்லாம் நெசந்தான். அதப் பாத்தவங்க, படிச்சவங்கல்லாம் கொஞ்ச நேரம் வலிய மறந்தாங்க. அத நான் பாத்தேன்."

"இத டாக்டர்கிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொன்னா சார்ட்ல ஒரு கட்டம் போட்டுடுவாங்க. கால் மணிக்கு ஒரு தடவ சினிமாக் கேள்வி கேட்டு டிக் அடிக்கணும்னு. அப்புறம் எல்லாரும் தயாரா பதில் வச்சிருப்பாங்க. கிடங்குக்குப் போனாப் போறேன்கா. அடுத்து வர்ற பையனுக்கு மட்டும் இதக் காதுல சொல்லிட்டுப் போயிடுவேன்."

அன்று வீட்டுக்குப் போயும் எரிச்சல் அடங்கவில்லை. அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. அந்த வார்டில் அவர் பிடித்து வைத்திருந்த உயிர்களில் ஒன்று என்னுடையது. அதற்கு நான் கொடுத்த கூலி ஐந்து அம்சப் புகார். வெட்கமாக இருந்தது, அதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் செய்வது கெட்டுப்போகும். சொல்லாவிட்டால் அவர் கிடங்குக்குப் போவார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் அறையில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஓர் எழுத்தர் எங்கள் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்திருந்தார். டாக்டர் என் புகாரை வரி வரியாகப் படித்தார். நான் அடித்ததாயிற்றே, அத்தனையும் சத்தியம்.

"இதெல்லாம் நடந்ததுதானே?"

"இல்லைங்க டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லையா?"

"அவர் யாரையும் தொந்தரவு பண்ணினதில்ல. நான்தான் கூட்டி எழுதிட்டேன்."

"எதுக்கு?"

பொய்ச் சாட்சிகளை முப்பத்தொரு வருடம் எதிரே வைத்துப் பார்த்தவள் நான். நீட்டி முழக்குகிறவன்தான் மாட்டுவான். "பொழுது போகல" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு பிடி பிடித்தார். வேலை நேரத்தை வீணடித்தேன், ஒரு நல்ல ஊழியரின் பிழைப்பில் மண் போடப் பார்த்தேன், இனி நான் என்ன சொன்னாலும் யார் நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் கோப்பிலேயே 'பொய்ப் புகார்' என்று எழுதச் சொன்னார். எழுத்தர் எழுதி என் பக்கம் தள்ளினார். படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லிவிட்டு இவர்களெல்லாம் எப்படி இவ்வளவு லேசாக வெளியே நடந்து போகிறார்கள் என்று அந்தக் காலத்தில் எனக்கு வயிறு எரியும். நானும் அப்படித்தான் நடந்து வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் அவர் பின்னாலேயே ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நேத்து ராத்திரி ஏதாச்சும் படம் பாத்தீங்களா? நல்லா இருந்துச்சா?"

அவர் கேட்டது படத்தைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளங்காலில் இருந்து எரிச்சல் ஏறியது.

"நீ சொன்னதுல ஒண்ணாவது உருப்படியா இருந்திருக்காய்யா? காது கேக்காதவன் கச்சேரிக்குத் தாளம் போட்ட மாதிரி, ஊரெல்லாம் கெடுத்து வச்சிருக்க. போ, போய் வேலையப் பாரு!"

"சரிக்கா" என்றார். முகம் அப்படியே தெளிந்தது. வார்டுக்குள் போனார்.