நோன்போடு வந்த மூன்றாம் இடம்

சைக்கிள் ரேஸ் ஓடுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் பொய்யர்கள்தான். கால் நோகிறது என்று முகத்தைச் சுளித்துவிட்டு முதல் மேட்டிலேயே பாய்ந்து போவார்கள். பயிற்சியே இல்லை என்பார்கள், விசாரித்தால் மாதக்கணக்காக விடிய எழும்பி ஓடியிருப்பார்கள். அந்தப் பொய்களை நானும் சொல்லியிருக்கிறேன், அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் ஒரே ஒரு பொய்க்குத்தான். அதையும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

மாத்தளை டவுனில் எங்களுக்கு மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடை இருக்கிறது. வாப்பாவுக்குப் பிறகு நான் பார்க்கிறேன். கடை வேலை போக மிச்ச நேரமெல்லாம் சைக்கிள். ரேஸில் நான் பெரிய ஆள் இல்லை. எட்டாவது, பத்தாவது வருவேன், வந்துவிட்டு ஒரு வாரம் அதையே பேசுவேன்.

என்னோடு ஓடியவன் அப்படியில்லை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் இறங்கி வந்து, எங்கள் கடைக்கு எதிரே இருந்த டயர் கடையில் வேலை செய்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற மேட்டில் அவன் கதை சொல்லிக்கொண்டே ஏறுவான். பார்க்க எரிச்சலாக வரும். ஆனாலும் அவனோடு ஓடுவதென்றால் எனக்கு அவ்வளவு ஆசை. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவன் என்னை நானா என்பான், நான் அவனை மச்சான் என்பேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், சித்திரைப் புதுவருடத்துக்குக் கொஞ்சம் முந்தி, யட்டவத்தையில் ஒரு சுற்று ரேஸ் வைத்தார்கள். ஐந்து கிலோமீட்டர் வட்டப் பாதையைப் பதினாறு தரம் சுற்றவேண்டும். அந்தப் பருவத்தின் முதல் ரேஸ் அது. கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி டீமின் கோச் பார்க்க வருவதாக முன்கூட்டியே தெரிந்திருந்தது. இருபத்துமூன்று வயது முடியாதவனாக இருந்து, முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் எடுத்துக்கொள்வார். மாதச் சம்பளத்தோடு வேலை, ஓடுவதற்கு நல்ல சைக்கிள். என் கூட்டாளிக்கு அடுத்த மாதம் இருபத்துமூன்று முடிகிறது. அதற்குள் வேறு ரேஸ் கிடையாது. டயர் கடையை விட்டு வெளியே வர அவனுக்கு இருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

ரேஸ் வந்தது நோன்பு மாதத்தில்.

முதல் நோன்பன்று பின்னேரம் நாங்கள் பயிற்சிக்குப் போனபோதே அவன் சைக்கிளில் தண்ணீர்ப் போத்தல் இல்லாததைக் கவனித்தேன். மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"நீங்க வாயக் கட்டிக்கிட்டு மிதிக்கிறப்ப நான் பக்கத்துல தண்ணி குடிச்சா நல்லாவா இருக்கும் நானா?" என்றான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு வந்து, பாங்கு சொன்னதும் பள்ளிவாசல் வாசலில் இருவரும் நோன்புக் கஞ்சி குடிப்போம். அவனுக்குக் கஞ்சி மிகவும் பிடித்துப்போனது, இரண்டு கோப்பை கேட்டு வாங்குவான். டவுன் முழுக்க இந்தக் கதையை நான்தான் பரப்பினேன். நோன்போடு சைக்கிள் ஓடுகிறேன், தோட்டத்துப் பையன் எனக்காகத் தண்ணீர் குடிப்பதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ரேஸும் நோன்போடுதான் ஓடப்போகிறேன் என்று யாரும் கேட்காமலே அறிவித்தேன். மாஷா அல்லாஹ் என்றார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது தவளையாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை.

ரேஸ் அன்று விடியுமுன் எழும்பி நோன்புக்கான சஹர் சாப்பாட்டை முடித்து, சுபஹும் தொழுதேன். நோன்போடுதான் ஓடவேண்டும் என்றுதான் இருந்தேன். உம்மா, "நோம்போட என்னத்துக்கு மகன் இந்த ஓட்டம்?" என்று கேட்டுவிட்டுக் குர்ஆன் ஓத உட்கார்ந்துவிட்டார். நான் குசினிக்குள் நின்றேன். எண்பது கிலோமீட்டர் என்ற நினைப்பு வந்தது. இன்றைய நோன்பை விட்டுவிட்டு, பிறகு ஒரு நாள் களாவாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று மனம் சொன்னது. மனம் சொல்வதற்கு என்ன, எதையும் சொல்லும். இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, ஒரு போத்தல் தண்ணீரும் குடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மறைத்தது இரண்டு பழமும் ஒரு போத்தல் தண்ணீரும்தான் என்று அப்போது நினைத்தேன்.

எட்டு மணிக்குத் தொடங்கவேண்டிய ரேஸ் பத்து மணி வரை தொடங்கவில்லை. பிரதம விருந்தினர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் தேத்தண்ணியும் தோடம்பழமுமாக இருந்தார்கள். என் கூட்டாளி என் பக்கத்தில் மதிலோரம் உட்கார்ந்திருந்தான், காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டு, இன்னொரு போத்தல் தண்ணீரையும் குடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தொடக்கக் கோட்டுக்கு வரச் சொன்னார்கள். ரேஸ் நடத்துகிறவர்களில் ஒருவர் அவனிடம் ஒரு போத்தலைக் கொடுத்தார். அவன் என்னைப் பார்த்தான், சிரித்தான், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நான் இன்றைக்கு நோன்பில்லை மச்சான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். மூன்று நான்கு வார்த்தை. ஆனால் எங்கள் டவுனிலிருந்து வந்த ஏழெட்டுப் பேர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நான், "நீ குடி மச்சான். ரேஸ்தானே. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்" என்றேன்.

"ஒங்களால முடியும்னா என்னாலயும் முடியும் நானா," என்றான்.

குடிக்கச் சொன்னேனே என்று பின்னால் எத்தனையோ தரம் எனக்கு நானே வக்காலத்து வாங்கியிருக்கிறேன். எடுபடவில்லை.

ரேஸில் முன்னால் போகிறவன் காற்றை வெட்டிக் கொடுத்தால், பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு மிதிப்பது சுலபம். கடைசிச் சுற்று வரை நான் முன்னால் இழுப்பது, பிறகு அவன் பாய்வது என்பது எங்கள் ஏற்பாடு. பத்துச் சுற்று வரை அப்படியே நடந்தது. முன்கூட்டத்தில் ஆறு பேர்தான் மிஞ்சினோம். பன்னிரண்டாவது சுற்றில் திரும்பிப் பார்த்தேன். அவன் சட்டையில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, ஆனால் முகத்தில் வியர்வையே இல்லை. எனக்குப் பயம் வந்தது. வழியோரத்தில் ஒருவர் தண்ணீர் நீட்டினார், அவன் வாங்கவில்லை. நான் வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டேன். நோன்பாளி தலையில் ஊற்றலாம், குடிக்கத்தான் கூடாது. நடிப்பில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

கடைசிச் சுற்றில், முடிவுக் கோட்டுக்கு முன்னால் வருகிற சின்ன மேட்டில் அவன் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அவன் கதை சொல்லிக்கொண்டு ஏறவேண்டிய மேடு அது. சைக்கிளோடு ஓரத்தில் சாய்ந்து நின்று, "போங்க நானா, போங்க!" என்று கையைக் காட்டினான். போனேன். மூன்றாவதாக வந்தேன். இருபத்தெட்டு வயதான எனக்கு அந்த மூன்றாம் இடத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒலிபெருக்கியில், நோன்போடு ஓடி மூன்றாவதாக வந்தவர் என்று என் பெயரை இரண்டு தரம் சொன்னார்கள். டவுன் ஆட்கள் என்னைத் தூக்கினார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒன்பதாவதாக வந்து ஒரு பலாமரத்தடியில் படுத்தான். அப்போதுதான் தண்ணீர் குடித்தான். கோச் அவன் பக்கம் திரும்பிப் பார்க்காமலே வாகனத்தில் ஏறினார்.

"நீ காலையிலயே குடிச்சிருக்கணும் மச்சான். தண்ணி இல்லாமத்தான் இப்பிடி ஆனது," என்றேன்.

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். "நீங்களுந்தானே குடிக்கல. நீங்க மூணாவது வந்துட்டீங்க. கொற தண்ணியில இல்ல நானா. எங்கிட்டத்தான்."

அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்குப் பார்த்து முடித்தவன் போலச் சொன்னான். அங்கேயாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். கையில் மூன்றாம் இடத்துப் பரிசுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எப்படித் திறப்பது?

அவன் அடுத்த மாதமே சைக்கிளை விற்றான். இரண்டு தரம் ஓடக் கூப்பிட்டேன், நமக்கு அது சரிவராது என்றான். பிறகு கட்டாருக்கு டிரைவர் வேலைக்குப் போனான். நான் விட்ட நோன்பை ஒரு நாள் களாப் பிடித்தேன். மழை நாள், தாகமே எடுக்கவில்லை.

போன மாதம் அவன் லீவில் வந்தான். பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றோடு கடைக்கு வந்து உட்கார்ந்தான். உடம்பு பெருத்திருந்தது. கல்யாணம் பேசியிருக்கிறார்களாம், தோட்டத்துக்கு வெளியே வீடு கட்ட ஒரு துண்டுக் காணியும் வாங்கியிருக்கிறான். பேச்சுவாக்கில், "அன்னைக்கு நீங்க நோம்போட ஓடுனதப் பாத்துத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. இல்லாட்டி இன்னும் சைக்கிள்லயே சுத்திக்கிட்டு இருந்திருப்பேன்," என்று சிரித்தான்.

அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாழைப்பழம், குசினி, பள்ளிக்கூடத்துக் கக்கூசு எல்லாம். சொல்லச் சொல்ல என் பாரம் இறங்குவது எனக்கே தெரிந்தது. வெட்கமில்லாமல் அந்த ஆறுதலை அனுபவித்தேன்.

அவன் பேரீச்சம்பழப் பெட்டியை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தான்.

"அப்ப ரெண்டு போத்தல் குடிச்சிருந்தீங்க."

"ஓ," என்று தலையாட்டினேன்.

"நான் ஒண்ணுமே குடிக்காம பதினஞ்சு சுத்து ஒங்க கூடவே வந்திருக்கேன்."

அவன் எழுந்து, சட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

"இத நீங்க சொல்லாமலே விட்டிருக்கலாம் நானா," என்றான். "எனக்கு ரேஸ் வராதுன்னு நான் நிம்மதியா இருந்தேன்."