துரை கண்டெடுத்த பாசிமணி

எங்கள் துரைக்குத் தமிழர்கள் என்றால் உயிர். ஒரே நிபந்தனை, அவர்கள் செத்து எழுநூறு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும்.

1930களின் தொடக்கத்தில், ஜொகூர் ஆற்றங்கரையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. கடிதம் எழுதுவதும், துரை தமிழில் திணறும்போது மொழிபெயர்ப்பதும் என் வேலை. ஒரு நாள் கரையோரம் வாய்க்கால் வெட்டியபோது சீனப் பீங்கான் ஓடுகளும் செங்கல் நிறப் பாசிமணிகளும் கிளம்பின. அன்றோடு துரைக்கு ரப்பர் மறந்துபோயிற்று. பத்து ஆட்களை ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதிலிருந்து நிறுத்தி அங்கே குழி தோண்ட விட்டார். கிடைத்த மணிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

குழி மேட்டில் நாற்காலி போட்டு எனக்குப் பாடம் வேறு. சோழ மண்டலக் கரையிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து வந்தார்களாம். துணியும் மணியும் கொடுத்துக் கற்பூரமும் ஈயமும் அகிலும் வாங்கினார்களாம். காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் தங்கி, இங்கத்துப் பேச்சைக் கற்று, பெண் கட்டி வாழ்ந்தார்களாம். "என்ன துணிச்சல்! என்ன கண்ணியம்!" என்று கண் கலங்குவார். அதே கரையிலிருந்து ஆடுமாடுகளோடு கப்பலின் மேல்தட்டில் வந்து இறங்கியவர்கள் அவர் காலடியில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். உனக்கு எந்த ஊர் என்று ஒருவனையும் அவர் கேட்டதில்லை. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கலையில் தோட்டத்தில் எனக்கு நிகர் கிடையாது.

மண் சலித்த பெண்களில் ஒருத்தி தன் கைக்குழந்தையை மரத்தடியில் தூளி கட்டிப் போட்டிருந்தாள். ஒரு நாள் அந்தப் பக்கம் போன துரை நின்றுவிட்டார். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஒரு செங்கல் நிற மணி. டின்னைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார். நிறத்திலும் அளவிலும் அச்சு அசல் அதே மணி.

"நீ எடுத்தது. இந்தக் குழி. பொய் பேசாதே!" என்று அவளைப் பார்த்துக் கத்தினார்.

"இல்லீங்க தொர. இது எங்க ஊரு மணிங்க. கடலூருக்கு வடக்க ஆத்தங்கரை. மழ பேஞ்சா மண்ணு கரைஞ்சு மேல கெடக்கும், பொறுக்கிக் கோத்துக் கட்டிக்குவோம்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "கிராணி ஐயா, ரெண்டு புள்ளய மண்ணுக்குக் குடுத்துட்டேன். என் கழுத்துல கெடந்தத அவுத்துக் கட்டினப்புறந்தான் இது நின்னுச்சு. எடுத்துச் சொல்லுங்கய்யா."

மணிகள் சோழ மண்டலக் கரையில் எந்த ஊரிலிருந்து கிளம்பின என்று மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். பதில் முழங்கை வரை சேற்றோடு அவர் முன்னால் நின்றது. நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். துரை சிரித்தார்.

"அவர்கள் வணிகர்கள். இவள் கூலி. மணி என் கைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் நாளைக் காலையில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்."

அவள் என்னையே பார்த்தாள். எந்த ஆறு என்று கேளுங்கள் சார், என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "குடுத்துடும்மா, எதுக்கு வம்பு" என்றேன்.

கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, மணியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அடுத்த மாதமே பாலோ பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பாலோவிலிருந்து வந்தவர்களைப் பார்த்தபோதும் பயத்தில் கேட்கவில்லை.

துரை சிங்கப்பூர் சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதினார். தட்டச்சு நான்தான். அதில் அந்த ஒரு மணிக்கு மட்டும் தனிப் பத்தி. மற்றவையெல்லாம் சொரசொரப்பாக இருக்க, இது மட்டும் இப்படி வழுவழுவென்று தேய எந்த வணிகனின் மார்பில் எத்தனை கடல் தாண்டியதோ என்று உருகியிருந்தார். கிடைத்த ஆழத்தை மட்டும் எழுதாமல் இடம் விட்டிருந்தார்.

"இது எத்தனை அடியில் கிடைத்தது?" என்று என்னைக் கேட்டார்.

"மூன்றடி, சார்" என்றேன்.