கிளிப்பிள்ளையின் நேர்காணல்

ஆஸ்பத்திரியே நடுங்கும் இதய அறுவை நிபுணர் ஒருவர். எல்லோருக்கும் பெரிய டாக்டர். அவர் அவளுக்கு வைத்த பெயர் கிளி. மயக்க மருந்து கொடுப்பது அவள் வேலை. யார் என்ன மருந்து கேட்டாலும், பெயரையும் அளவையும் உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளையாம். வாய்க்கொழுப்பு அவருக்கு.

குழந்தைகளின் இதய அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சியில் ஒரே ஒரு இடம். அவளுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை தட்டிப்போயிருந்தது. நேர்காணலுக்குத் தலைமை யார்? சாட்சாத் அந்த மனிதரேதான்.

"மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பீங்கன்னு கேட்டா, யோகா, நடை, பாட்டுன்னு சொல்லிட்டு வந்துடு. வாயை அடக்கு, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கணவன் காலையில் இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தான்.

அறையில் மூன்று பேர். பெரிய டாக்டர் அவள் ஃபைலைத் திறக்கவே இல்லை. அதன்மேல் டீ டம்ளரை வைத்திருந்தார்.

"அழுத்தம் வந்தா என்ன பண்ணுவே?"

யோகா நாக்கு நுனி வரை வந்தது. டம்ளரின் ஈரம் ஆறு வருட உழைப்பின்மேல் வட்டமாகப் படிவதைப் பார்த்தாள்.

"திருப்பிச் சொல்லுவேன் சார்."

"கிளி!" என்று சிரித்தார். பக்கத்து இருவரும் சிரித்து வைத்தார்கள். அவருக்குக் கீழே பிழைக்கிறவர்கள்.

"போன மாசம் பத்து கிலோ குழந்தை சார். ஹெப்பாரின் முப்பதாயிரம்னு கத்தினீங்க. முப்பதாயிரமான்னு திருப்பிச் சொன்னேன். மூவாயிரம்டீன்னு மறுபடி கத்தினீங்க. குழந்தை நல்லபடியா வீட்டுக்குப் போச்சு."

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அது. பத்து மடங்கு ஏறினால் பிள்ளை பிழைப்பதே கஷ்டம். சிரித்த இருவரும் மேசையைப் பார்த்தார்கள்.

"போகலாம்," என்றார் பெரிய டாக்டர்.

அதே கேள்விக்கு யோகா என்று பதில் சொன்ன இன்னொருவனுக்கு இடம் போனது. கணவன் அவள் கேட்காமலே காபி போட்டு வந்து வைத்தான். அந்தக் கரிசனமே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் அறுவை அரங்கில் மயக்க மருந்துப் பொறுப்பு அந்தப் புது ஃபெலோவுக்கு; அவள் உதவிக்கு. பெரிய டாக்டர் குழந்தையின் நெஞ்சைத் திறந்து, "ஹெப்பாரின் மூவாயிரத்து அறுநூறு!" என்றார். புதியவன், "சரி சார்," என்று ஊசியை எடுத்தான்.

அவர் கை அப்படியே நின்றது. பார்த்தது அவனை அல்ல, அவளை.

"கிளி, வாயில என்ன பூட்டா? திருப்பிச் சொல்லு!"

பதவி அவனுக்கு, பாடு இவளுக்கு. கோபம் தலைக்கேறியது. ஆனால் குழந்தை என்ன பாவம் செய்தது?

"ஹெப்பாரின், மூவாயிரத்து அறுநூறு. குழந்தை பன்னெண்டு கிலோ."

"சரி."

மருந்து உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் கேட்டாள்:

"அழுத்தம் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க சார்?"

முகமூடிக்குள் யாரோ இருமினார்கள். அவர் கத்தரிக்கோல் கேட்டார். கத்தாமல் கேட்டார்.