ஃபேன் படம் போட்ட வேகன்

தானியேலை யாரும் மக்கு என்று சொல்லிவிட வேண்டாம். மீஞ்சூருக்கு வடக்கே ஒரு சரக்கு ரயில் யார்டில், தண்டவாளம் மாற்றிக் கொடி காட்டும் பாயிண்ட்ஸ்மேனாகப் பதினோரு வருஷம் இருக்கிறான். இங்கிலீஷ் படிக்க வராதே ஒழிய, வேகனில் ஒட்டிய படத்தைப் பார்த்தே சரக்கைச் சொல்லிவிடுவான். மண்டையோடு என்றால் விஷம், தீ என்றால் எண்ணெய். அவற்றை இன்ஜினோடு சேர்த்து மெதுவாகக் கொண்டுபோவான். மற்ற வேகன்களை இன்ஜின் ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றுகொள்ளும். அவை தானாக உருண்டு போய் முன்னால் நிற்கும் வேகனில் முட்டிக்கொள்ளும்.

எழுபத்துநாலில் ஒரு மத்தியானம் பெரிய இரும்புப் பீப்பாய் ஏற்றிய வேகன் ஒன்று வந்தது. மஞ்சள் தாளில் மூன்று றெக்கை வைத்த படம், கீழே இங்கிலீஷ். ஃபேன் கம்பெனி சரக்கு என்று, தள்ளிவிடச் சொல்லித் தானியேல் கொடியை ஆட்டிவிட்டான். வேறென்ன நினைப்பான் பாவி மனுஷன்? படித்தவர்கள் வரைந்த லட்சணம் அப்படி!

வேகன் முட்டிய முட்டில் கட்டுக்கம்பி அறுந்து பீப்பாய் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. தானியேல்தான் ஏறி, தோள் கொடுத்து, அடியில் கட்டை வைத்தான். அதற்குப் பிறகுதான் ஸ்டேஷன் மாஸ்டர் தணிகாசலம் வந்து தாளைப் படித்தார்.

"எறங்கு தானியேலு. இது அட்டாமிக் சரக்கு. உருட்டி விடக்கூடாதுன்னு போட்டுக்குது. ஒடஞ்சிருந்தா கிட்ட நின்னவனையே அரிச்சிடும்."

தானியேலுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் வீட்டில் இருக்கிறாள். இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் அட்டாமிக் இலாகா ஆபீசர்கள் இரண்டு பேர் ஜீப்பில் வந்து, டிக்டிக்கென்று அடிக்கும் ஒரு கருவியைப் பீப்பாய், சக்கரம், ஜல்லி எல்லாவற்றின் மேலும் காட்டினார்கள். தானியேல் சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றான். அவன் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. கல்லுக்குக் கிடைத்த மரியாதைகூட மனுஷனுக்குக் கிடைக்கவில்லை.

"பீப்பாய்க்கு ஒண்ணும் ஆகல" என்றார் ஒருவர்.

"எனுக்கு சார்? கொயந்தைய தூக்கலாமா?"

ரிப்போர்ட் வரும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

மூன்று மாசம் கழித்து ரிப்போர்ட் வந்தது. பீப்பாயில் பழுதில்லை, முட்டிய வேகம் அதிகம், தானியேல்மேல் விசாரணை. குழந்தையைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டான். மாஸ்டர் இரண்டு தரமும் தேடிப் பார்த்துவிட்டு, இல்லையப்பா என்றார்.

இத்தனை நாளும் அவன் வாசலில் நின்றுதான் பிள்ளையைப் பார்த்தான். பெண்டாட்டி மேரியிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பச்சைக் குழந்தையைத் தூக்கப் பயப்படுகிறான் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்து பிள்ளையை நீட்டினாள்.

"இந்தா, பாப்பாக்கு கழுத்து நின்னுடுச்சு. இனிமே நீயும் தூக்கலாம்."